உமிச் சாம்பலில் செய்த சிலிக்கான்-கார்பன் ஆனோடு (லித்தியம் பேட்டரியின் மைனஸ் முனை) 15 சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுற்றில் படுத்துவிட்டது. உதவி தேவை, அவசரம்

பிசானம்23
எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட். உமிச் சாம்பலில் மெக்னீசியம் போட்டு சிலிக்கான் எடுத்தேன். மேலே சர்க்கரையைக் கருக்கி கார்பன் பூசி, லித்தியத்துக்கு எதிரே வைத்துக் காயின் செல் (பட்டன் பேட்டரி) போட்டேன். முதல் டிஸ்சார்ஜில் (லித்தியம் சிலிக்கானுக்குள் போகும்போது) கிராமுக்கு 1,640 எம்.ஏ.ஹெச். (மில்லியாம்பியர்-மணி), சார்ஜில் திரும்பி வந்தது 890. பதினைந்தாவது சுற்றில் 140. வெறும் கிராஃபைட்டே 372 தருமே! மூன்று செல் போட்டாச்சு, மூன்றும் இதே கதைதான். அடுத்த வாரம் ரிவ்யூ. எங்கே தப்பு?

அம்பை மணி
தம்பி, பைண்டர் (பொடியை ஃபாயிலில் ஒட்டவைக்கும் பசை) என்ன? எலக்ட்ரோலைட்டில் (செல்லுக்குள் ஊற்றும் திரவம்) எஃப்.இ.சி. (ஃபுளோரோஎத்திலீன் கார்பனேட்) உண்டா? எந்த வோல்டேஜ் வரைக்கும் ஓட்டினீர்கள்? இதெல்லாம் இல்லாமல் என்ன சொல்ல?

மேலநத்தம்
மழைதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சட்டையே காயாது. எலக்ட்ரோடில் துளி ஈரம் இருந்தாலும் எலக்ட்ரோலைட்டில் உள்ள லித்தியம் உப்பு அதோடு சேர்ந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாகிவிடும். வேக்குவம் ஓவனில் ராத்திரி முழுக்கக் காயவைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பேராசான்
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. 'கிராமுக்கு' என்றால் எதன் கிராம்? சிலிக்கானா, கார்பனையும் சேர்த்தா? என்ன கரன்ட்? 0.1 சி (பத்து மணி நேரத்தில் நிறையும் வேகம்) என்று சொல்லிவிடாதீர்கள். 372-ஐ வைத்துக் கணக்குப் போட்டீர்களா, சிலிக்கானின் 3,579-ஐ வைத்தா? இரண்டுக்கும் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். இந்த அடிப்படை தெரியாமல் செல் போட உட்காருவதை நான் பல வருஷமாகப் பார்க்கிறேன்.

பிசானம்23
தம்பி இல்லை அண்ணாச்சி, தங்கச்சி. பைண்டர் பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக், 10 சதவீதம். எலக்ட்ரோலைட் லேபில் இருந்த சாதாரண இ.சி.-டி.எம்.சி. கரைப்பான் கலவை, வேறு எதுவும் கலக்கவில்லை. 0.01-இலிருந்து 1.5 வோல்ட். கிராமுக்கு 100 மில்லியாம்பியர், கார்பனையும் சேர்த்துத்தான். ராத்திரி முழுக்க வேக்குவத்தில் காயவைத்தேன். சாம்பல் ஊர் ரைஸ் மில் பாய்லரில் அள்ளியது. மெக்னீசியம் சாம்பலின் எடைக்குச் சமமாகப் போட்டு 650 டிகிரியில் 3 மணி நேரம். அமிலம் ஊற்றியபோது பட்பட்டென்று வெடித்துச் சின்னப் பொறி பறந்தது, அது சகஜமா?

கயல்
அது சகஜம் இல்லை, நிறுத்துங்கள். 60 கிராம் சிலிக்காவுக்கு (சாம்பலில் உள்ள சிலிக்கான் ஆக்சைடு) 48.6 கிராம் மெக்னீசியம் போதும், அதாவது ஒன்றுக்கு 0.81. சாம்பலில் சிலிக்கா அல்லாததும் இருக்கிறது, ஆகவே சமமாகப் போட்டால் இன்னும் மிச்சம். மிச்ச மெக்னீசியம் சிலிக்கானோடு சேர்ந்து மெக்னீசியம் சிலிசைடு ஆகும். அதில் அமிலம் பட்டால் சிலேன் வாயு, காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும். நீங்கள் பார்த்த பொறி அதுதான். இனி அளவைக் குறைத்து, ஃப்யூம் ஹுட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், முகக் கவசமும் போடுங்கள். அப்புறம், கலவையோடு பத்து மடங்கு சோற்றுப்பும் சேருங்கள். இந்த வினை தானே சூடு கக்கும். உப்பு உருகி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

அம்பை மணி
சரி தங்கச்சி, இப்போது பேசலாம். இங்கே இரண்டு நோய் இருக்கிறது, ஒன்றோடு ஒன்றைக் குழப்பாதீர்கள். ஆரம்பமே 890 என்பது சிலிக்கான் பொடியின் நோய். 15 சுற்றில் 140-க்கு இறங்கியது பெரும்பாலும் எலக்ட்ரோடின் நோய்.

இறங்குவதை முதலில் பார்ப்போம். சிலிக்கான் லித்தியத்தை முழுசாக வாங்கினால் கன அளவு நாலு மடங்கு பக்கம் உப்பும், விட்டால் சுருங்கும். பி.வி.டி.எஃப். அதன்மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நாலு தடவை உப்பிச் சுருங்கினால் விட்டுவிடும். சி.எம்.சி. (செல்லுலோஸ் பசை) அல்லது பாலி அக்ரிலிக் அமிலம் அப்படியில்லை. அதிலுள்ள கார்பாக்சில் தொகுதி சிலிக்கான் மேற்பரப்பின் ஓ.ஹெச். தொகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சிட்ரிக் அமில பஃபரில் பி.ஹெச். 3 வைத்துக் கரைத்தால் பிடிப்பு இன்னும் கூடும்.

கூடவே, ஒவ்வொரு சுற்றிலும் மேலே உள்ள எஸ்.இ.ஐ. படலம் (எலக்ட்ரோலைட் சிதைந்து படியும் தோல்) பிளந்து புதிதாக வளரும், எலக்ட்ரோலைட்டைத் தின்றுகொண்டே இருக்கும். அதற்குத்தான் எஃப்.இ.சி. 10 சதவீதம் சேர்த்துப் பாருங்கள். செத்த செல் ஒன்றைக் கிளவ் பாக்ஸில் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி) பிரித்துப் பார்த்தீர்களா?

கல்லிடை மில்காரர்
மில் பாய்லர் சாம்பல் என்றதும் எல்லோரும் மெக்னீசியத்துக்குப் போய்விட்டீர்கள். சாம்பல் கறுப்பா வெள்ளையா, தங்கச்சி?

பிசானம்23
கறுப்புதான் அண்ணாச்சி.

பேராசான்
அப்புறம் என்ன? மில் குப்பையை அள்ளி நானோ பொருள் செய்தால் இப்படித்தான் வரும். சுத்த சிலிக்கா கடையில் கிடைக்கிறது.

கல்லிடை மில்காரர்
குப்பை என்று சொல்லாதீர்கள் ஐயா. நூறு கிலோ உமியை ஒழுங்காக எரித்தால் இருபது கிலோ பக்கம் சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. பாய்லரில் எரிந்தது அரைகுறை, அதனால்தான் கறுப்பு. உமியில் உள்ள பொட்டாசியம் சூட்டில் சிலிக்காவோடு உருகி, கார்பனை உள்ளே வைத்து மூடிவிடும். அப்புறம் எவ்வளவு எரித்தாலும் வெளுக்காது. சாம்பலை விட்டுவிட்டு உமியாக வாங்குங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, அலசி, காயவைத்து, 600-650 டிகிரியில் எரித்தால் திருநீறு மாதிரி வெள்ளையாக வரும். என் மகனும் இப்படித்தான் செய்தான்.

பேராசான்
உமி அரவைக்கு அரவை மாறும். ஒரு தடவை வந்த முடிவு அடுத்த தடவை வராது. ஆராய்ச்சிக்கு அது உதவாது.

கல்லிடை மில்காரர்
ஒரே வயல், ஒரே போகத்து நெல்லின் உமியை ஒரு மூட்டை எடுத்து வைத்தால் புராஜெக்ட் முடியும்வரை போதும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சிலிக்காவைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறீர்களே.

மேலநத்தம்
எல்லாம் சரி, கிளவ் பாக்ஸில் ஈரம் எத்தனை பி.பி.எம்.? அதை இன்னும் யாரும் கேட்கவில்லை.

கயல்
சண்டையை விடுங்கள். கறுப்புச் சாம்பலில் பெரிய ஆபத்து வேறு. உள்ளே கார்பன் இருக்கும்போதே மெக்னீசியம் வினையை நடத்தினால் சிலிக்கான் கார்பைடு வந்துவிடும். அது லித்தியத்தைத் தொடாது, வெறும் பாரம். எக்ஸ்.ஆர்.டி.-யில் (எக்ஸ் கதிர் சோதனை) 28.4 டிகிரியில் சிலிக்கான் முகடு, 35.6-இல் கார்பைடு முகடு. இரண்டையும் பாருங்கள். கார்பன் சிலிக்கான் கிடைத்த பிறகு பூசவேண்டியது, முன்னால் இருக்கக்கூடாது.

பிசானம்23
செல்லைப் பிரித்தேன். அம்பை அண்ணாச்சி சொன்னதுதான். கறுப்புப் பூச்சு காப்பர் ஃபாயிலை விட்டு உரிந்து செபரேட்டரில் (நடுவில் உள்ள தடுப்புத் தாள்) அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது. ஃபாயில் ஒரு பக்கம் புதுசு போல் மின்னியது.

அம்பை மணி
அப்படியானால் முதலில் பைண்டரை மாற்று. அதே பொடி, அதே ஃபாயில். எஃப்.இ.சி. இல்லாமல் ஒரு செல், சேர்த்து ஒரு செல். எதனால் தேறியது என்று அப்போதுதான் தெரியும்.

பிசானம்23
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சி.எம்.சி. மட்டும்: 22-ஆவது சுற்றில் 430. சி.எம்.சி.-யோடு எஃப்.இ.சி.: 22-ஆவது சுற்றில் 710. 35.6-இல் முகடு இருக்கிறது, நல்ல உயரம். உமி ஒரு மூட்டை வாங்கி ஊறப் போட்டிருக்கிறேன். ரிவ்யூ முடிந்தது.

கயல்
அருமை. முதல் சுற்றில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது? எலக்ட்ரோடு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம்?

கல்லிடை மில்காரர்
சாம்பல் வெளுத்ததா தங்கச்சி?