கடலோர வீட்டுக்குக் கதவு, ஜன்னல் அலாரம் சென்சார்: எதை வாங்குவது?

கீழக்கரைக்காரன்:
கடற்கரையிலிருந்து 300 மீட்டரில் வீடு. வருஷத்தில் பத்து மாசம் பூட்டிக் கிடக்கும், ஆட்கள் துபாயில். தலைவாசலில் தேக்கு இரட்டைக் கதவு, கொல்லையில் இரும்புக் கதவு, மொட்டை மாடிக்கு இன்னொரு இரும்புக் கதவு, கம்பி வைத்த மர ஜன்னல் எட்டு. வைஃபை சென்சார் போதும்கிறார் கடைக்காரர். போதுமா, வயர் இழுக்கணுமா?

பாம்பன் வயரிங்:
பூட்டின வீட்டுக்கு வைஃபை வேண்டாம். கரன்ட் போனால் ரவுட்டர் படுத்துவிடும், தகவலும் அதோடு நின்றுவிடும். பேட்டரியும் சீக்கிரம் காலி.

வாங்குமுன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்க: சென்சார் செத்துப்போனால் பேனலுக்கு, அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, தெரியுமா? மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ சென்சார் பலதும் கதவு திறக்கும்போது மட்டும்தான் சிக்னல் அனுப்பும். உப்புக் காற்றில் பேட்டரி முனை பச்சை பூத்து அது ஊமையாகிவிட்டாலும் பேனல் 'எல்லாம் சரி' என்றே காட்டும். வயர்லெஸ்தான் வேண்டும் என்றால், குறித்த நேரத்துக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று சிக்னல் கொடுக்கிற வகையாப் பாருங்க.

என் சிபாரிசு வயர்தான். கதவில் காந்தம், நிலையில் சுவிட்ச் என்று வரும் காந்த சென்சாரில், காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டது, உப்பு உள்ளே போகாது. கெடுவது வெளியே இருக்கும் இணைப்புகள்தான். என்சி லூப்பாக, அதாவது கதவு மூடியிருக்கும்போது கரன்ட் சுற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி, இழுத்தால், இணைப்பு அரித்து அறுந்ததும் பேனல் கத்திவிடும். வயர் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆனால் மட்டும் சாதா லூப்பில் தெரியாது. அதுக்குத்தான் லூப்பின் கடைசியில் போடும் ரெசிஸ்டர். அதன் மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும், கையேட்டைப் பாருங்க. அதைச் சென்சார் பக்கமே வைக்கணும். வேலை சுலபம்னு பேனல் பெட்டிக்குள் மாட்டிவிட்டுப் போவார்கள், அப்படி மாட்டினால் ஒரு பலனும் இல்லை. வெள்ளீயம் பூசிய செம்பு வயர், சால்டர் வைத்த இணைப்பு, அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்). முறுக்கி டேப் சுற்றுவது இந்தக் காற்றுக்குத் தாங்காது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) துருப்பிடிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால் நம்ம கரைக் காற்றைப் புரிஞ்சுக்கோங்க.

உச்சிப்புளி எலக்ட்ரானிக்ஸ்:
இரும்புக் கதவு இரண்டையும் தனியாகக் கவனிங்க. இரும்பு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 20 மி.மீ. இடைவெளி தாங்கும் சென்சார் அங்கே அவ்வளவு தாங்காது, காற்றில் கதவு ஆடினாலே பொய் அலாரம். இரும்புக் கதவுக்கென்றே அலுமினிய உடம்போடு வரும் அகல இடைவெளி வகையை வாங்குங்க. சாதா வகைதான் இருக்கிறதென்றால் காந்தத்துக்கும் சுவிட்சுக்கும் அடியில் 6 மி.மீ. பிளாஸ்டிக் கட்டை கொடுங்க.

தேக்குக் கதவு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதும், சித்திரையில் சுருங்கும். மழைக்காலத்தில் பொருத்தினால் வெயிலில் இடைவெளி கூடிவிடும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, கதவை மெல்லத் திறங்க. பீப் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் உண்மையான எல்லை. மூடிய நிலையில் அதில் பாதிக்குள் இருக்கிற மாதிரிப் பொருத்துங்க. இரட்டைக் கதவில் தாழ்ப்பாள் போட்டே இருக்கும் பலகைக்கும் ஒன்று வேணும்.

கீழக்கரைக்காரன்:
ஜன்னல் எட்டுக்கும் எட்டு வாங்கணுமா அண்ணே?

பாம்பன் வயரிங்:
வேண்டாம் தம்பி. கம்பி இருக்கும்போது பலகை திறந்தாலும் ஆள் நுழைய முடியாது. கொல்லைப் பக்கம் மறைவாக இருக்கும் ஜன்னலுக்கு மட்டும் கம்பிச் சட்டத்தில் அதிர்வு சென்சார் வைங்க. உணர்திறனைக் குறைத்து வைத்து, ஆடிக் காற்றில் ஒரு வாரம் பார்த்துக் கூட்டுங்க. மிச்சக் காசை மாடிக் கதவில் போடுங்க. பக்கத்து வீட்டு மாடி ஒட்டியிருந்தால் வழி அதுதான்.

உச்சிப்புளி எலக்ட்ரானிக்ஸ்:
இரண்டு சேர்க்கிறேன். கறுப்பு ஸ்குரூ வேண்டாம், துருப்பிடித்துத் தலையே கழன்றுவிடும். 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் அல்லது பித்தளை போடுங்க. ஓட்டையை அடைக்க வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் கூடாது, அந்த அமிலமே செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்க.

சிம் கார்டு போட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் பேனலுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. 150 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். கரன்ட் போனாலும் எஸ்எம்எஸ் வருகிற மாதிரி செட் பண்ணுங்க. துபாய் நம்பரை மட்டும் போட்டுவிடாதீங்க. சாதா ரீசார்ஜில் வெளிநாட்டு எஸ்எம்எஸ் போகாது. முதல் நம்பர் ஊரில் சாவி வைத்திருப்பவருடையதாக இருக்கட்டும்.