சிப்புக்குள் டி செல்கள் ஒரே இரவில் செத்துப்போகின்றன

கேள்வி:
டெங்கு வைரஸ் தொற்றிய டென்ட்ரிட்டிக் செல் (கிருமியை டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் நோயெதிர்ப்பு செல்) ஒன்று, டி செல் (அதைப் பார்த்துத் தாக்குதலில் இறங்கும் நோயெதிர்ப்பு செல்) ஒன்று, இரண்டையும் ஒரே குழியில் உட்காரவைத்துப் பார்க்க பிடிஎம்எஸ் (ஒரு வகை சிலிக்கோன் ரப்பர்) சிப் செய்கிறேன், நுண்ணிய குழிகள் உள்ள சிறு தகடு. குழி 30 மைக்ரான் அகலம். இரண்டு மணி நேரம் அழகாக இருக்கிறது. காலையில் பார்த்தால் காற்றுக்குமிழ், பாதிக் குழிகளில் பிணங்கள். வைரஸ் போடாத சிப்பிலும் இதே கதை, அதனால் பழி டெங்கு மேல் இல்லை. நான்கு சிப் போச்சு.

பதில் 1:
மீடியத்தை, அதாவது செல்களுக்கான ஊட்டத் திரவத்தை, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஓட்டுகிறீர்களா? சூடாகும்போது கரைந்த காற்று வெளியே வரத்தான் செய்யும். முதலில் 37 டிகிரியில் வைத்து, வெற்றிடத்தில் காற்றை இழுத்துவிடுங்கள்.

பதில் 2:
எனக்குச் சந்தேகம் ஆவியாதல் மேல். பிடிஎம்எஸ் வழியே நீராவி தப்பிக்கும். உள்ளே இருப்பதே சில மைக்ரோலிட்டர், கொஞ்சம் குறைந்தாலும் உப்பு ஏறிவிடும். சிப்பை மூடிய தட்டில், பக்கத்தில் ஈரத் துணியோடு வையுங்கள். ஹார்வர்டின் 2010 நுரையீரல் சிப்பும் (நுரையீரல் செல்களை வளர்த்து அதன் வேலையைப் போலச் செய்துகாட்டிய சிப்) பிடிஎம்எஸ்தான், ஆனால் அதில் மீடியம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம், தண்ணீரைவிட எண்ணெயில் எளிதில் கரையும் மருந்துகளை இந்த பிடிஎம்எஸ் உறிஞ்சிக்கொள்ளும். வைரஸ் எதிர்ப்பு மருந்து சோதிக்கும் நாளில் ஏமாந்துவிடாதீர்கள். நான் ஏமாந்தேன், மூன்று மாதம்.

கேட்டவர்:
சரி, குளிர்பெட்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஈரத் துணியையும் சேர்த்து இன்றிரவு ஐந்தாவது சிப்.