ரைசுலி செய்த ஆள்கடத்தல் பற்றிப் படிக்க ஏதாவது சொல்லுங்களேன்

நண்பர்களே, 1975இல் ஜான் மிலியஸ் இயக்கிய ‘தி விண்ட் அண்ட் த லயன்’ படத்தை நேற்று ராத்திரி பார்த்தேன். மொராக்கோ மலைத்தலைவர் ரைசுலி ஓர் அமெரிக்கப் பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் கடத்துகிறார். ரைசுலியாக ஷான் கானரி. அந்த ஸ்காட்லாந்து உச்சரிப்பைப் பொறுத்துக்கொண்டால் படம் பிரமாதம்.

அப்புறம் உண்மைக் கதையைத் தேடப்போய் மாட்டிக்கொண்டேன். 1904 மே மாதம் மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் கடத்தப்பட்டது பெண்ணே இல்லை. அமெரிக்கர் என்று கருதப்பட்ட, 60 வயது தாண்டிய அயோன் பெர்டிகாரிஸும் அவருடைய மனைவியின் மகனும்தான். அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஏழு போர்க்கப்பல்களை அனுப்பினார். “பெர்டிகாரிஸ் உயிரோடு வேண்டும், இல்லையென்றால் ரைசுலி பிணமாக வேண்டும்” என்ற அமெரிக்க அரசின் தந்தியை அவருடைய குடியரசுக் கட்சி மாநாட்டில் வாசித்துக் கைதட்டல் வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெர்டிகாரிஸ் எப்போதோ கிரேக்கக் குடியுரிமை வாங்கியவர். அது தெரிந்தும் வாஷிங்டன் மூச்சு விடவில்லை! கடைசியில் மொராக்கோ சுல்தான்தான் 70,000 டாலர் பணயத்தொகை அழுதார்.

கிடைப்பதெல்லாம் அமெரிக்கத் தரப்புக் கதையாகவே இருக்கிறது. ரைசுலி, சுல்தான் பக்கத்திலிருந்து எழுதிய புத்தகமோ கட்டுரையோ தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது; எளிய ஆங்கிலமும் சரி. அரபு தெரிந்தவர்கள் ‘ரைசுலி’யின் சரியான உச்சரிப்பையும் சொன்னால் உதவியாக இருக்கும்.