ஆட்டோ கட் நாசிலுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சென்னையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். டேங்க் நிறைந்ததும் தானாக நின்றுகொள்ளும் நாசிலுக்கு ஒரு சொல் வேண்டும். நிறையாமலே சில நேரம் டக்கென்று நின்றுவிடுகிறதே, அதற்கு இன்னொன்று. முதலாவதற்குத் ‘தன்னிறுத்தி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மதுரையிலிருந்து:
தம்பி, தன் + நிறுத்தி தன்னிறுத்திதான், தன்னலம் போல. ஆனால் தன் + இறுத்தி என்றும் பிரியும். இறுத்தல் என்றால் வடித்தல். பெட்ரோலை வடிக்கும் கருவி என்று ஒருவன் படித்துவிட்டால் கையேடு தலைகீழ்.

நாசிலுக்குத் தூம்பு இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? எங்கள் கண்மாய்களில் தண்ணீர் திறந்துவிடும் குமிழித்தூம்பு இன்றும் உண்டு. உள்ளே துளையுள்ளது தூம்பு. மலைபடுகடாத்தில் ‘களிற்றுயிர்த் தூம்பு’ வருகிறது, யானை மூச்சுவிடுவதுபோல் ஒலிக்கும் இசைக்கருவி. ஆகவே ‘தானடைதூம்பு’. வினைத்தொகை, ஒற்று மிகாது. யாரும் ‘த்’ போட வரவேண்டாம்.

கோவையிலிருந்து:
ஐயா, யானை மூச்சு தற்செயலாகப் பொருந்திவிட்டது. நாசிலும் மூச்சிழுக்கத்தான் செய்கிறது. நுனிக்கருகே ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று உள்ளுக்குள்ளேயே கைப்பிடிப் பகுதிவரை போகும். அங்கே பெட்ரோல் குறுகலான இடுக்கில் விரைந்து பாய்வதால் அழுத்தம் குறைந்து, துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரி 1797இல் எழுதிய அதே விளைவு. பெட்ரோல் ஏறித் துளையை மூடியதும் காற்று நின்றுபோகும். உறிஞ்சல் முழுதும் ஒரு சவ்வை இழுக்கும். சவ்வு அசைந்தால் லீவரின் பிடி விடுபடும், ஸ்பிரிங் வால்வை அடைத்துவிடும். இதில் மின்சாரமே கிடையாது.

ஆகவே ‘நிறைவுணரி’ மாதிரி எதுவும் வேண்டாம். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, துளை மூடியதா என்பது மட்டும்தான். நுரை மூடினாலும் நிற்கும், தெறித்து வந்த பெட்ரோல் மூடினாலும் நிற்கும். டீசல் கூடுதலாக நுரைக்கும். டேங்கிலிருந்து காற்று வெளியேறும் குழாய் அடைத்திருந்தால் பெட்ரோல் எதிர்த்துக்கொண்டு மேலே வரும். இந்த நிற்றலுக்கு என் யோசனை ‘போலி நிறைவு’.

யாழ்ப்பாணத்திலிருந்து:
பெற்றோல் செட்டில் நிற்கிற பிள்ளைக்குத் தூம்பு விளங்குமா ஐயா? ‘முனை’ போதும். போலி நிறைவு நல்ல சொல்.

திருச்சியிலிருந்து:
போலி தமிழ்தானா?

மதுரையிலிருந்து:
போல் என்பதிலிருந்து போலி. இல்வாய் வாயில் ஆனதை இலக்கணப்போலி என்று பள்ளியிலேயே படித்தோமே! இதற்கெல்லாம் சந்தேகம் வரலாமா?

திருச்சியிலிருந்து:
வந்துவிட்டது ஐயா. அப்புறம், தானடை என்றதும் எனக்கு அவியல்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருமுனை பங்க்கில் ‘கட் ஆயிடுச்சு’ என்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. சொல் எதுவானாலும் சரி, நின்ற பிறகு ‘ரவுண்டாப் போடுங்க’ என்று நிரப்பக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். வெயிலில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும். இப்போதைய வண்டிகளில் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே புகுந்துவிட்டால் செலவு.

கோவையிலிருந்து:
போலி நிறைவு என்றால் மட்டும், நாசிலைச் சற்று வெளியே இழுத்தோ கொஞ்சம் திருப்பியோ மெதுவாகப் பிடிக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் தனிச்சொல்லே வேண்டும்.

சென்னையிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். ‘தானடைமுனை’ என்று போடுகிறேன், முதலில் வரும் இடத்தில் ‘ஆட்டோ கட் நாசில்’ என்பதும் பக்கத்தில் இருக்கும். போலி நிறைவுக்கு மறுப்பில்லை. எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:
எனக்கு மறுப்பு உண்டு. துளையே இல்லாத ஆணிக்கும் முனை இருக்கிறது. அடுத்த பதிப்பிலாவது தூம்பைப் பரிசீலியுங்கள்.