குமிழி எங்கே? ரீபிரீதர் வைத்திருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

கெடிலக்கரை எழுதியது:

கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகு எஞ்சினுக்கு புஷ் கடைந்து கொடுப்பது பிழைப்பு, ரீபிரீதர் கட்டுவது கிறுக்கு. இரண்டாவதில் பட்ட பாட்டை எழுதுகிறேன். உங்களுக்கும் அனுபவம் இருந்தால் கீழே சேர்த்துக்கொண்டே போங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று சிலிண்டரை முதுகில் கட்டி முக்குளிக்கும் ஸ்கூபாவில் நாம் விடும் மூச்சு குமிழியாகப் போய்விடும். அதிலிருந்த ஆக்சிஜனில் கால் பங்கைக்கூட உடல் எடுத்திருக்காது. ரீபிரீதர் அந்த மூச்சை ஒரு பையில் பிடித்துக்கொள்கிறது. சோடா சுண்ணாம்பு அதிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், செலவான ஆக்சிஜனை மட்டும் ஒரு சிறு சிலிண்டர் ஈடுகட்டும். யோசனை பழையது. இங்கிலாந்தில் ஹென்றி ஃபிளூஸ் என்பவர் 1878இல் செய்த கருவியில் சுண்ணாம்பு கிடையாது, காரக் கரைசலில் ஊறவைத்த கயிற்று நார்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர் 1880இல் வெள்ளம் புகுந்த செவெர்ன் சுரங்கத்துக்குள் போய் மதகை மூடப் பார்த்தார். அவர்களால் முடிந்தது என்னால் முடியாதா என்ற திமிர் எனக்கு.

என் கருவிக்கு 160 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் சுண்ணாம்புக் குடுவை. மூச்சுப்பைக்கு இரண்டு சுடுநீர்ப் பைகள். பழைய வாயு முகமூடியிலிருந்து கழற்றிய இரண்டு ஒருவழி வால்வுகள். வெறும் ஆக்சிஜனில் ஓடும் கருவி என்பதால் ஆறு மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அதைத் தாண்டினால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரும், நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருப்பது நழுவிவிடும். சோதிக்க இடம் தேடியபோது நெல்லிக்குப்பம் பக்கம் மாமாவின் கரும்புக் கொல்லைக் கிணறு நினைவுக்கு வந்தது. மழை முடிந்த மாதத்தில் அதில் 18 அடித் தண்ணீர். ஆசைப்பட்டாலும் ஆறு மீட்டர் போக முடியாது.

முதல் நாள் நான் இறங்கி நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துவிட்டார். நான் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். தலைமயிரைப் பிடித்து இழுத்தார். மேலே வந்து சண்டை போட்டேன். "குமிழி எங்கேடா? கிணற்றில் ஆள் இறங்கினால் குமிழி வர வேண்டும். வராவிட்டால் பிணம்தான்" என்றார். குமிழி வராததுதான் இந்தக் கருவியின் சிறப்பு என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் மசியவில்லை. இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், அவர் ஒருமுறை இழுத்தால் நான் இரண்டு முறை இழுக்க வேண்டும், இல்லையென்றால் கொல்லைப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டார். எரிச்சலோடு ஒப்புக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது சிலிண்டரில் கொஞ்சம்தான் மிச்சம். இறங்குவதற்கு முன் பையையும் நுரையீரலையும் இரண்டு மூன்று முறை காலி செய்து, காற்றையெல்லாம் வெளியேற்றி, ஆக்சிஜனால் நிரப்ப வேண்டும். அதற்கே கணிசமாகச் செலவாகும் என்று கஞ்சத்தனம் பிடித்து விட்டுவிட்டேன். வாயால் ஊதிப் பையை நிரப்பிக்கொண்டு இறங்கினேன்.

என் கணக்கு இதுதான்: பை சுருங்கினால் வால்வைத் திறந்து ஆக்சிஜன் விடலாம். ஆனால் பையில் இருந்ததில் பெரும்பகுதி நைட்ரஜன், அதை உடல் தொடாது. பையும் நுரையீரலும் சேர்ந்து எட்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் ஆக்சிஜன் ஒன்றரை லிட்டர்தான். நீந்தும் உடல் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் தின்னும். அதைத் தின்று தீர்த்த பிறகும் பை உப்பலாகவே இருந்தது. சுண்ணாம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால் கரியமில வாயுவும் சேரவில்லை. மூச்சு முட்ட வைப்பது கரியமில வாயுதானே? ஆகவே மூச்சும் முட்டவில்லை. கிணற்றுச் சுவரில் ஒரு கெளுத்தியைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது முதுகில் குத்திய கல். மாமா இழுத்த கயிற்றுக்குப் பதில் வரவில்லையாம். இம்முறை அவர் குதிக்கவில்லை, பம்புசெட் ஆளையும் கூப்பிட்டு இருவருமாகத் தூக்கியிருக்கிறார்கள்.

பயம் என்ற ஒன்று அந்த நேரத்தில் துளியும் இல்லை. இப்போது எழுதும்போதுதான் கை நடுங்குகிறது.

வெள்ளைக்குருணை எழுதியது:

அண்ணா, நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில் தொழில்நுட்பராக இருக்கிறேன். மயக்க மருந்து இயந்திரத்திலும் இதே சோடா சுண்ணாம்புதான். என் கதை உங்கள் கதைக்கு நேர்மாறு. உங்களுக்குச் சுண்ணாம்பு வேலை செய்தது, எனக்கு அது காலை வாரியது.

எங்கள் சுண்ணாம்பில் நிறக்காட்டி கலந்திருக்கும். புதிதில் வெள்ளை, தீர்ந்துபோனால் ஊதா. சனிக்கிழமை ஊதா நிறத்தில் கழித்துக்கட்டிய குருணையைத் திங்கட்கிழமை பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளையாகியிருக்கும். உயிர் திரும்பிவிட்டது என்று நினைத்து என் ரீபிரீதருக்காக ஒரு டப்பா நிறைய வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஓய்வில் கிடந்தால் நிறம் மட்டும்தான் திரும்பும், உறிஞ்சும் சக்தி திரும்பாது. பாடத்தில் படித்ததுதான், ஆனால் இலவசமாகக் கிடைத்த பொருள் கண்ணை மறைத்துவிட்டது. இன்னொரு தப்பும் செய்தேன். முக்குளிக்கப் பயன்படுத்தும் குருணை ஒன்று முதல் இரண்டரை மில்லிமீட்டர். மருத்துவமனைக் குருணை அதைவிடப் பெரியது. குருணை பெரிதானால் மூச்சு உரசும் பரப்பு குறையும், குடுவையைச் சீக்கிரம் தாண்டிவிடும்.

நல்லவேளை, தண்ணீரில் இறங்கவில்லை. மூக்கை அடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டுப் பார்த்தேன். குடுவையைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். சுண்ணாம்பு வேலை செய்தால் குடுவை இளஞ்சூடாகும். சூடே ஏறவில்லை. பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது, நாய் இரைப்பதுபோல் இரைத்தது. வாயிலிருப்பதைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் அடுத்த மூச்சு, அடுத்த மூச்சு என்ற பதற்றத்தில் வாய் அதை விட மறுக்கிறது. என் மனைவி பிடுங்கினாள். தலைவலி மறுநாள் மதியம்வரை இருந்தது.

கழிவை எடுத்துப்போனதற்கு மருத்துவமனையில் திட்டும் வாங்கினேன். நியாயமான திட்டு.

வாடைக்காற்று எழுதியது:

இருவருக்கும் வணக்கம். சுண்ணாம்புக் குடுவைக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே? எனக்கு நடந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகமாகி வாய் வெந்தது உண்டா? அதைப் பத்து மடங்காக்கித் தொண்டைவரை நீட்டிப் பாருங்கள். மூன்று நாள் மோரும் பழைய சோற்றுத் தண்ணீரும்தான். குழாய் இணைப்பில் ஒரு ஓ ரிங் (ரப்பர் வளையம்) முறுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம். இறங்குவதற்கு முன் வாயால் உறிஞ்சிப் பையைச் சுருக்கி, அது சுருங்கியபடியே நிற்கிறதா என்று பார்த்திருந்தால் கரையிலேயே தெரிந்திருக்கும்.

ஆக்சிஜன் நிரப்பும் கடையில் என்னைப் பார்த்ததும் "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்பார்கள். 2021 மே மாதத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் என்னிடமிருந்த இரண்டு சிலிண்டர்களையும் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்று திரும்பி வந்தது. மற்றதைக் கேட்க மனம் வரவில்லை.

பட்டறை அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்கள் பட்டறையில் எல்லாவற்றிலும் கிரீஸ் இருக்குமே, ஆக்சிஜன் வால்வைத் தனியாக வைத்துத்தான் கடைகிறீர்களா?

கெடிலக்கரை எழுதியது:

தனி மேசை, தனி ஸ்பேனர், தனித் துணி. ஆரம்பத்தில் இல்லை. ஒருமுறை சிலிண்டரைச் சட்டென்று திறந்ததும் உள்ளே பட்டாசுபோல ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் வால்வு இருக்கை கருகியிருந்தது. அழுத்த ஆக்சிஜன் ஒரே பாய்ச்சலில் நுழைந்து முட்டும் இடத்தில் சூடு எகிறும், அங்கே எண்ணெய்ப்பசை இருந்தால் பற்றிக்கொள்ளும். அன்றிலிருந்து மெதுவாகத் திறக்கிறேன்.

பதினெட்டு மீட்டர் எழுதியது:

நான் கட்டியவள் அல்ல, வாங்கியவள். வெளிநாட்டில் ஒருவர் பயன்படுத்திய, தொழிற்சாலையில் செய்த கருவி. புதுச்சேரிக்கு வெளியே கடலில் 18 மீட்டரில் இருக்கும் செயற்கைப் பாறைத்திட்டுக்குத்தான் அதிகம் போவேன். குமிழி இல்லாததால் கிடைக்கும் இன்பத்தை இங்கே யாரும் எழுதவில்லை, எனக்கு வருத்தம். ஸ்கூபாவோடு போனால் கலவா மீன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொந்துக்குள் போய்விடும். ரீபிரீதரோடு போனால் என் முழங்கை அருகே வந்து நிற்கிறது. ஒருமுறை சீலாக் கூட்டம் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு நகரவே இல்லை.

ஆனால் படகோட்டிக்கு மாமாவின் அதே கேள்வி. வீராம்பட்டினத்துக்காரர், குமிழியைப் பார்த்தே ஆளைப் பின்தொடர்ந்து பழகியவர். முதல் நாள் என்னைத் தொலைத்துவிட்டு, நான் மேலே வந்தபோது அழுகிற நிலையில் இருந்தார். இப்போது ஆரஞ்சு மிதவையை இழுத்துக்கொண்டே போகிறேன்.

மின்னணுக் கருவி இருந்தால் கெடிலக்கரை அண்ணனுக்கு நடந்தது நடக்காது என்று நினைப்பவர்களுக்காக இது. என் கருவியில் மூன்று ஆக்சிஜன் உணரிகள். ஒன்று தவறினால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும், பெரும்பான்மை சொல்வதே முடிவு. ஆக்சிஜனின் அழுத்தம் 1.2 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும்படி வைத்திருந்தேன். 18 மீட்டரில் இரண்டு உணரிகள் 1.1 காட்டின, மூன்றாவது 1.4 காட்டியது. கருவி மூன்றாவதை ஒதுக்கிவிட்டு, இன்னும் போதவில்லை என்று ஆக்சிஜனைச் செலுத்திக்கொண்டே இருந்தது. காதருகே சோலனாய்டின் (ஆக்சிஜனைத் திறந்துவிடும் மின்வால்வு) டிக் சத்தம் நிற்கவில்லை. அந்தச் சத்தம்தான் எனக்கு உறைத்தது.

சுழற்சியை, அதாவது மூச்சு சுற்றிவரும் பாதையை, சாதாரணக் காற்றால் கழுவினேன். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார், அதில் 21 சதவீதம் என்றால் 0.59. மூன்றுமே அதை ஒட்டியே காட்டின. ஒரு கணம் நிம்மதி. பிறகு ஆக்சிஜன் ஏற ஏற மூன்றும் கைகோத்து ஏறின. 1.1 வந்ததும் இரண்டு நின்றுவிட்டன, மூன்றாவது மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வயதான உணரிகள் அப்படித்தான், குறைந்த அளவில் சரியாகச் சொல்லும், உயரத்தில் அதற்கு மேல் சொல்லத் தெம்பு இருக்காது. அந்த இரண்டும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வாங்கியவை. கிழடான இரண்டும் சேர்ந்து இளையதைப் பொய்யன் ஆக்கிவிட்டன. வாய்க்கருவியை மூடிவிட்டு, பக்கத்தில் தொங்கிய ஸ்கூபா சிலிண்டருக்கு மாறி மேலே வந்தேன். என்னிடமிருந்து வந்த முதல் குமிழிகளைப் பார்த்ததும் படகோட்டி கைதட்டினாராம்.

இப்போது உணரிகளை ஆறு மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக வாங்குகிறேன், அவற்றின் மேல் தேதி எழுதி ஒட்டுகிறேன்.

வெள்ளைக்குருணை எழுதியது:

அக்கா, உணரி ஆக்சிஜனுக்கு ஏற்ப மின்னழுத்தம் தருமே, காற்றில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டும் எவ்வளவு மில்லிவோல்ட் காட்டின?

பதினெட்டு மீட்டர் எழுதியது:

ஒன்பதரையும் பத்தும். அதாவது புதியதுபோலவே. காற்றில் பார்த்துப் பயனில்லை தம்பி, ஆறு மீட்டரில் சுழற்சி முழுக்க ஆக்சிஜனை நிரப்பி, 1.6 பாரைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கெடிலக்கரை எழுதியது:

குடுவைக்கு வரைபடம் கேட்டுத் தனியாக எழுதிய நான்கு பேருக்கும் பதில் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுப்ப மாட்டேன். நேரில் வந்தால் காட்டுகிறேன், கிணற்றிலும் இறங்கலாம். மழை நின்று தண்ணீர் தெளிந்ததும் சொல்கிறேன். நீங்கள் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மாமா கேட்டார். புதுக் கயிறு வாங்க வேண்டுமாம்.