தலையில கட்டுற லைட்டு

குழு: தாத்தா வீட்டு வாரிசுகள்

*சித்தி, 7:12:* இங்க கரண்ட் போய் அரை மணி நேரமாச்சு. மூக்குத்தித் திருகாணி வேற கீழ விழுந்து தொலைஞ்சுது. ஒரு கையில ஃபோன் டார்ச், ஒத்தக் கையால தேடுறேன். கிடைக்கல.

*கார்த்தி:* அம்மா, பரண்ல என் வெள்ளியங்கிரி பையில தலையில கட்டுற லைட்டு இருக்கும் பாருங்க.

*சித்தி:* சுரங்கத்துக்காரன் லைட்டு மாதிரி ஒண்ணு வாங்கினியே, அதா?

*கார்த்தி:* அதேதான். ராத்திரில ஏழு மலை ஏறணும். ஒரு கையில மூங்கில் தடி, இன்னொரு கை பாறையப் பிடிக்க. டார்ச்ச எங்க பிடிக்கிறது?

*சித்தி, 7:20:* எடுத்துட்டேன். எரியல. செல் போடுற இடத்துல உப்புப் பூத்த மாதிரி வெள்ளையா இருக்கு.

*நாகர்கோவில் மாமா:* செல் கசிஞ்சிருக்கு. வெறுங்கையால தொடாத. பஞ்சுல எலுமிச்சைச் சாறு தொட்டுக் கம்பியத் துடைச்சு, நல்லாக் காயவிட்டு வேற செல் போடு. கார்த்தி, சும்மா வைக்கும்போது செல்லக் கழட்டி வைக்கணும்டே.

*கார்த்தி:* சரி மாமா 🙏

*சித்தி, 7:41:* டிவி ரிமோட், ஏசி ரிமோட் ரெண்டையும் காலி பண்ணி மூணு செல் போட்டாச்சு. எரியுது!! திருகாணியத்தான் இன்னும் காணோம்.

*நான்:* சித்தி, லைட்டக் கழட்டித் தரையோட தரையா வச்சுப் பாருங்க. வெளிச்சம் சாய்வா ஓடினா சின்னப் பொருளுக்கும் நீளமா நிழல் விழும்.

*சித்தி:* கிடைச்சிருச்சு. பீரோ காலடியில. நீ நல்லா இருப்ப 😘

*உசிலம்பட்டி பெரியம்மா:* இங்க மல்லி பறிக்கிற பொம்பளைங்க நெத்தியில எல்லாம் இதாண்டி. விடியுறதுக்குள்ள மொட்டாப் பறிச்சாத்தான் மார்க்கெட்ல விலை. கல்யாணமான புதுசுல நான் டார்ச்ச அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் பறிச்சிருக்கேன். பூவுக்கு மட்டும் வெளிச்சம் வராது, மத்த எல்லாத்துக்கும் வரும்.

*நாகர்கோவில் மாமா:* குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவங்களும் இத மாட்டிக்கிட்டுத்தான் போவாங்க. வெயில் ஏறினா பால் வரத்து குறைஞ்சிரும்லா.

*உசிலம்பட்டி பெரியம்மா:* போன வாரம் பேரன் கால்ல கருவேல முள்ளு. ஒரு கையில காலு, ஒரு கையில ஊசி. இந்த லைட்டு இல்லாட்டி வெளிச்சம் காட்ட இன்னொரு ஆளு வேணும். அந்த ஆளு முள்ளப் பாக்காது, டிவியப் பாக்கும்.

*நான்:* 😂😂 பெரியப்பாவ இழுக்காதீங்க

*சித்தி, 8:15:* சாப்பிட உக்காந்தோம். நான் நிமிந்தாலே மூஞ்சில அடிக்குதுன்னு சித்தப்பா கத்துறாரு.

*கார்த்தி:* 5 லிட்டர் தண்ணி கேன் இருக்குல்ல? லைட்டு உள்பக்கம் பாக்குற மாதிரி அதுல பட்டைய மாட்டுங்க. தண்ணியோட இருக்கட்டும்.

*சித்தி:* [படம்] அடேய்! கேனே பெட்ரோமாக்ஸ் மாதிரி ஆயிருச்சு. கூடம் பூரா வெளிச்சம். ஆனா ஈசல் வருது.

*கார்த்தி:* பட்டனை அழுத்திப் பிடிங்க, சிவப்பா மாறும். அதுக்கு ஈசல் அவ்வளவா வராது.

*சித்தி:* சிவப்புல ரசம் எது சாம்பார் எதுன்னு தெரியல. ஈசலே வந்துட்டுப் போகட்டும்.

*நான், 9:05:* சித்தி, கரண்ட் வந்துச்சா?

*சித்தி, 9:30:* அப்பவே வந்துருச்சு. நான் மாடியில செம்பருத்தி இலையத் திருப்பித் திருப்பி மாவுப்பூச்சி எடுத்துட்டு இருக்கேன். பகல்ல கண்ணுக்கே படாத நத்தை எல்லாம் இப்ப தொட்டி ஓரத்துல வரிசையாப் போகுது.

*கார்த்தி:* ஏசி ரிமோட்டுக்கு செல்லு?

*சித்தி:* அப்பாவ ஃபேன் போட்டுப் படுக்கச் சொல்லிட்டேன்.