கேள்விகள் எல்லாம் அண்ணியின் போனில் இருக்கின்றன

*குழு: நம் குடும்பம்*

அண்ணன்: இணையதளத்துக்கு 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். மொத்தம் 25 கேள்விகள். எல்லோரும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான்: படித்தேன் அண்ணா. முதல் கேள்வி 'உங்கள் திரைச்சீலைகளின் தனிச்சிறப்பு என்ன?' என்று இருக்கிறது. இதுவரை யாராவது உங்களிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

அண்ணன்: யாரும் கேட்டதில்லை. அதற்காக நாமாகச் சொல்லக் கூடாதா?

நான்: தாராளமாகச் சொல்லலாம், முகப்புப் பக்கத்தில். இந்தப் பக்கத்தைத் தேடி வருகிறவர் மனத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது. அது தீர்ந்தால் வாங்குவார், தீராவிட்டால் போய்விடுவார். அவரிடம் போய் நம் பெருமையைப் பேசினால் எரிச்சல்தான் வரும்.

அண்ணி: என்னிடம் தினமும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. ஜன்னலை அளக்க வேண்டுமா, கம்பியை அளக்க வேண்டுமா? அது இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

அண்ணன்: இருக்கிறதே, 14-ஆவது கேள்வி. 'அளவீடு தொடர்பான வழிகாட்டுதல்களுக்கு எங்களைத் தொடர்புகொள்ளவும்.'

நான்: அண்ணா, போன் செய்யாமலே தெரிந்துகொள்ளலாம் என்றுதான் அவர் அந்தப் பக்கத்தையே திறந்தார். மறுபடியும் போனுக்கே அனுப்புகிறீர்களே!

நான்: அண்ணி, நீங்கள் போனில் அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

அண்ணி: ஜன்னலை விட்டுவிடுங்கள், கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து சொல்லுங்கள் என்பேன். அதைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குத் துணி எடுத்தால்தான் மடிப்பு அழகாக விழும். உயரத்துக்கு, வளையத்தின் அடியிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான்: ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் இதை முதல் பதிலாகப் போடுங்கள். கேள்வியையும் அவர்கள் கேட்கிற மாதிரியே எழுத வேண்டும். 'அளவீட்டு வழிமுறை யாது?' என்று யாரும் கேட்பதில்லை.

சித்தப்பா: நானும் படித்தேன். வாடிக்கையாளர் கொடுத்த அளவில் தைத்ததைத் திருப்பி எடுப்பதில்லை என்பதுதானே உங்கள் விதி? அதை ஏன் மூன்றாவது பத்தியின் கடைசியில் ஒளித்துவைத்திருக்கிறாய்?

அண்ணன்: எடுத்தவுடன் 'இல்லை' என்றால் வாங்க வந்தவர் போய்விடுவாரே, சித்தப்பா.

சித்தப்பா: இப்போது போனால் சும்மா போவார். பணம் கட்டிய பிறகு தெரிந்தால் சண்டை போட்டுவிட்டுத்தான் போவார், நாலு பேரிடமும் சொல்வார். முதல் வாக்கியத்திலேயே 'இல்லை, திருப்பி எடுப்பதில்லை' என்று எழுது. தவறு நம்முடையது என்றால் புதிதாகத் தைத்துத் தருவோம் என்பதை இரண்டாவது வாக்கியத்தில் சொல்.

நான்: சித்தப்பா சொல்வதுதான் சரி. அந்த வரி ஆர்டர் செய்கிற பக்கத்திலும், பணம் கட்டுகிற பொத்தானுக்கு மேலேயே இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் பார்க்காமலே பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம். பிரிட்டன் அரசின் கவ்.யூகே இணையதளம், கேள்வி-பதில் பக்கமே வேண்டாம், தகவலை அது தேவைப்படுகிற இடத்தில் எழுதுங்கள் என்றே தன் எழுத்தாளர்களுக்குச் சொல்கிறது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பாதிக் கேள்விகள் அந்தந்தப் பொருளின் பக்கத்துக்குப் போய்விட்டால் இங்கே பத்துக் கேள்விகள் போதும்.

அண்ணன்: கேள்விகள் அதிகமாக இருந்தால் கூகுள் தேடலிலேயே நம் கேள்வி-பதில்கள் விரிந்து தெரியும் என்று ஒருவர் சொன்னார். அதனால்தான் 25 வரை இழுத்தேன்.

நான்: அது பழைய கதை அண்ணா. 2023 ஆகஸ்டில் கூகுள் அதைக் குறைத்துவிட்டது. நன்கு அறியப்பட்ட அரசு, சுகாதார இணையதளங்களுக்கு மட்டும்தான் என்று அறிவித்தது. கூகுளுக்காக எழுதியதை எல்லாம் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

அண்ணி: எனக்கு ஓர் உதவி வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் தனி இணைப்பு கொடுக்க முடியுமா? யாராவது வாட்ஸ்அப்பில் கேட்டால், முழுப் பக்கத்தையும் அனுப்பாமல் அந்தப் பதிலை மட்டும் அனுப்பிவிடுவேன்.

நான்: முடியும் அண்ணி, நானே செய்து தருகிறேன். நீங்கள் இந்த மாதம் வந்த செய்திகளைப் புரட்டி, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே போடுங்கள். எழுத்துப்பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை.

அண்ணி: இப்போதே ஒன்று வந்திருக்கிறது. 'பருத்தித் துணி துவைத்தால் சுருங்குமா?'

அண்ணன்: முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். அதற்காகத்தான் உயரத்தில் கூடுதலாகத் துணி விட்டு, அடியில் மடித்துத் தைக்கிறோம். சுருங்கினால் அந்தத் தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

அண்ணி: இத்தனை நாள் இதை என்னிடம்கூடச் சொல்லவில்லையே! 'கொஞ்சம் சுருங்கும்' என்று மட்டும் சொல்லி எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன்.

நான்: இது இரண்டாவது கேள்வி. மடிப்பு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் அண்ணா, பதிலுக்குக் கீழே போட்டுவிடுகிறேன்.